செந்தூல் தாஸ்கா பற்றி: சேர்க்கும் முன் மாலை ஐந்தரைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்

என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது சேர்த்த தாஸ்காவில்தான் (குழந்தைப் பராமரிப்பு மையத்தில்) இன்னமும் இருக்கிறான். வரும் தைப்பூசத்தை ஒட்டி அவனுக்கு மூன்று வயது முடிகிறது. "பிள்ளையை எங்கே விடுறீங்க, நல்லா பாத்துக்குறாங்களா" என்று ஆபீஸிலும் கோவிலிலும் கேட்கிறார்கள், வயிற்றுப் பிள்ளைக்காரிகள் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்புவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். பெயரும் தெருவும் போடப் போவதில்லை. சின்னப் பிள்ளைகள் நாள் முழுக்க இருக்கும் வீட்டின் முகவரியை இணையத்தில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, நடத்துகிற அக்காவும் வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொண்டார். கோலாலம்பூர் செந்தூலில், கே.டி.எம். ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், மூலையில் இருக்கும் இரண்டு மாடி டெரஸ் வீடு (வரிசை வீடு) என்பது வரை சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் கேட்கிற விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள், மாலை 6.30க்கு மூடுகிறார்கள், திங்கள் முதல் வெள்ளி வரை. ஒரு வயதுக்குள் மாதம் 850 ரிங்கிட், அதற்கு மேல் 720. சேரும்போது ஒரு மாதக் கட்டணம் முன்பணம், விலகுவதற்கு ஒரு மாதம் முன்னால் சொன்னால் திருப்பித் தருகிறார்கள், இதை எழுத்தில் கொடுக்கிறார்கள். சாப்பாடு கட்டணத்தோடு சேர்ந்தது. பாம்பர்ஸ், பால் மாவு நம்முடையது. 6.30 தாண்டினால் அரை மணி நேரத்துக்குப் பத்து ரிங்கிட். இந்த வட்டாரத்தில் இதைவிடக் குறைந்த விலைக்கும் இடம் இருக்கிறது, ஜாலான் ஈப்போ பக்கம் இதைவிட நானூறு ரிங்கிட் கூடக் கேட்கிற இடமும் இருக்கிறது.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தாஸ்காவின் தரம் என்பது சுவர் ஓவியமோ, விளையாட்டுச் சாமானோ, பாடத்திட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரோ இல்லை. ஒரு பிள்ளைக்கு எத்தனை கைகள் இருக்கின்றன, அந்தக் கைகள் யாருடையவை, எவ்வளவு நாளாக அங்கேயே இருக்கின்றன, இவ்வளவுதான். நம் மலேசியச் சட்டமே இதைத் தெளிவாகச் சொல்கிறது. 2012-ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மைய விதிமுறைகளின்படி ஒரு வயதுக்கு உட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும், ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை 5 பேருக்கு ஒருவர், மூன்றிலிருந்து நான்கு வயது வரை 10 பேருக்கு ஒருவர். இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். போய்க் கேட்டால் எந்தத் தாஸ்காவும் "சட்டப்படி வைத்திருக்கிறோம்" என்றுதான் சொல்லும், பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும், காலை பத்து மணிக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 7லிருந்து மாலை 6.30 வரை என்றால் ஒரு நாளைக்குப் பதினொன்றரை மணி நேரம், வாரத்துக்கு 57 மணி நேரத்துக்கு மேல். 2023 ஜனவரியிலிருந்து வேலைச் சட்டத்தில் வார வேலை நேரம் 45 மணிதான். அப்படியென்றால் மிகைநேர வேலை இல்லாமல் எந்தப் பராமரிப்பாளரும் தினமும் திறந்ததிலிருந்து மூடும் வரை இருக்க முடியாது, யாராவது சீக்கிரம் வந்து சீக்கிரம் போகத்தான் வேண்டும், யாராவது தாமதமாக வரத்தான் வேண்டும். கூடுதலாக ஆள் வைக்காத இடத்தில் இது எங்கே போய் இடிக்கும்? காலை முதல் மணி நேரத்திலும் மாலை கடைசி ஒன்றரை மணி நேரத்திலும். அதாவது பிள்ளை பசியோடும் களைப்போடும் அம்மாவைத் தேடி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில். அதனால்தான் சொல்கிறேன், பத்து மணிக்கு அவர்கள் அழைக்கும் நேரத்தில் போய்ப் பார்ப்பது போதாது, மாலை ஐந்தரைக்குப் போங்கள்.

நாங்கள் பார்த்த இடங்களில் ஒன்று, பெயர் வேண்டாம், காலையில் போனபோது அவ்வளவு அழகாக இருந்தது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பாடுகிறார்கள், டீச்சர்கள் சீருடையில், ஏர்கோன் ஓடுகிறது. அதே வாரம் சாயங்காலம் விண்ணப்பப் பாரத்தைக் கொடுக்கப் போனால் இருபது வயதுகூட நிரம்பியிருக்காத ஒரு பெண் மட்டும் இருக்கிறாள். ஒன்பது பத்துப் பிள்ளைகள். தொலைக்காட்சி ஓடுகிறது. ஒரு கைக்குழந்தை ஆட்டும் நாற்காலியில் வார் போட்டுக் கட்டியபடி தேம்பிக்கொண்டிருக்கிறது, அந்தப் பெண் இன்னொரு பிள்ளைக்குப் பாம்பர்ஸ் மாற்றிக்கொண்டே "ஸேயாங், ஸேயாங்" (கண்ணே, கண்ணே) என்று தூரத்திலிருந்து அதைச் சமாதானப்படுத்துகிறாள். அவளைக் குறை சொல்லவே மாட்டேன். ஒரு ஆளால் முடிகிற காரியமா அது? அவளை அந்த நேரத்தில் தனியாக விட்டுப்போனவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

இந்தச் செந்தூல் தாஸ்காவில் இரண்டு பேர் காலை ஒன்பதரைக்குத்தான் வருகிறார்கள், மூடும் வரை அவர்கள்தான். ஐந்து மணிக்கு மேல் நடத்துகிற அக்காவே குழந்தைகள் அறையில் தரையில் உட்கார்ந்துவிடுவார், கணக்கு வழக்கு, போன் எல்லாம் அதற்கு முன்னாலேயே முடித்துவிடுகிறார். நாங்கள் சேர்ப்பதற்கு முன் "எப்போ வந்து பார்க்கலாம்" என்று கேட்டதற்கு, "எப்ப வேணும்னாலும் வாம்மா, மத்தியானம் தூங்குற நேரத்துல மட்டும் சத்தம் போடாம வா" என்றார். சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தோம், சொன்னது போலத்தான் இருந்தது. முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்று கட்டாயமாகச் சொல்கிற இடத்தை நான் யோசிக்காமல் தள்ளிவிடுவேன்.

பதிவு விஷயம். 1984-ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நான்கு பேரோ அதற்கு மேலோ காசு வாங்கிப் பார்த்துக்கொண்டால் சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். வீட்டிலேயே பத்துக்குக் குறைவாகப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இது பொருந்தும், அதற்கு வீட்டுத் தாஸ்கா என்று தனி வகை இருக்கிறது. நம் தாமானில் (குடியிருப்பில்) இரண்டு மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டிகள் இதில் வரமாட்டார்கள். அவர்களில் தங்கமானவர்கள் இருக்கிறார்கள், நான் வளர்ந்ததே அப்படி ஒரு ஆன்ட்டி வீட்டில்தான். ஆனால் மூன்று பேர் என்று தொடங்கி ஏழு பேர் ஆகி, பதிவும் இல்லாமல் ஆளும் சேர்க்காமல் நடக்கிற வீடுகள் இருக்கின்றன, அங்கேதான் பயம். சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், கிட்டப் போய் காலாவதி தேதியையும், எத்தனை பிள்ளைகளுக்கு அனுமதி என்று போட்டிருக்கும் எண்ணையும் படியுங்கள், அப்புறம் தலைகளை எண்ணுங்கள். இங்கே அந்தச் சான்றிதழ் காலணி வைக்கும் அலமாரிக்கு மேலே, உள்ளே நுழைகிற யார் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டியிருக்கிறது. பக்கத்திலேயே பராமரிப்பாளர்களின் பயிற்சிச் சான்றிதழ்கள், சமைக்கிற அம்மாவின் டைபாய்டு ஊசி அட்டை, உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழ் எல்லாம்.

பதிவு பெற்ற இடம் என்பதில் பணமும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்குப் பதிவு பெற்ற தாஸ்காவுக்கோ பாலர் பள்ளிக்கோ கட்டுகிற கட்டணத்தில் ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கேட்கலாம், அப்பா அம்மா இருவரில் ஒருவர் மட்டும். அதற்கு ரசீது வேண்டும். இங்கே மாதா மாதம் பதிவு எண் போட்ட ரசீது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. "ரசீது வேணாம்னா ஐம்பது ரிங்கிட் குறைச்சுக்குறேன்" என்று வேறோர் இடத்தில் சொன்னார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் வேறு எதையெல்லாம் குறைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தபோது எனக்கு உள்ளே போகவே மனம் வரவில்லை.

கைக்குழந்தையை விடப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பால் கொடுக்கிற நேரத்தில் போய் நில்லுங்கள். தாஸ்காவில் பால் புரையேறிக் குழந்தை இறந்தது என்ற செய்தி நம் நாட்டுப் பத்திரிகைகளில் எத்தனையோ முறை வந்துவிட்டது, ஒவ்வொரு முறையும் வேலைக்குப் போகிற அம்மாக்கள் எல்லோரும் அன்று தூங்குவதில்லை. நான் பார்த்த ஓர் இடத்தில் துண்டைச் சுருட்டி நெஞ்சுமேல் வைத்து, அதன்மேல் போத்தலைச் சாய்த்து, குழந்தை தானே குடிக்கும்படி விட்டிருந்தார்கள். மூன்று மெத்தை, மூன்று துண்டு, மூன்று போத்தல். பக்கத்தில் யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டார். இந்தத் தாஸ்காவில் குழந்தையை மடியில் தலை தூக்கி வைத்துக்கொண்டுதான் பால் கொடுக்கிறார்கள், முடிந்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரும் வரை தட்டுகிறார்கள், அதற்கு அப்புறம்தான் படுக்கை. படுக்க வைப்பது மல்லாக்க, தட்டையான மெத்தையில், தலையணை கிடையாது, தடித்த போர்வை கிடையாது, பொம்மை கிடையாது. என் மாமியாருக்கு இதில் வருத்தம், கடுகுத் தலையணை தைத்து அனுப்பியிருந்தார். அக்கா அதை வாங்கி, மரியாதையாக மடித்து என் பையிலேயே திருப்பி வைத்து, "அம்மா கிட்ட சொல்லுமா, ஒரு வயசு ஆனதும் நானே கேட்டு வாங்கிக்குறேன்" என்றார். அவர்களுடைய விதியை விட்டுக்கொடுக்கவில்லை, எங்கள் வீட்டுப் பெரியவர் மனதையும் நோகடிக்கவில்லை.

தாய்ப்பால் எடுத்துக் கொடுத்தனுப்புகிறவர்களுக்கு இந்த இடம் நிம்மதி. போத்தலில் பெயரும், எடுத்த தேதியும் நேரமும் எழுதி ஒட்டாமல் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள். குளிர்சாதனப் பெட்டியில் பாலுக்கென்று தனித்தட்டு. நுண்ணலை அடுப்பில் சூடாக்குவதே இல்லை, சுடுதண்ணீர்க் கோப்பையில் வைத்துத்தான் இளஞ்சூடாக்குகிறார்கள், குடித்து மிச்சம் வைத்த பாலை அடுத்த வேளைக்கு வைப்பதில்லை. மிச்சத்தைக் கொட்டும்போது எவ்வளவு மிச்சம் என்று நோட்டில் எழுதுகிறார்கள். 98 நாள் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புகிற அம்மாவுக்கு அந்த எண் எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்ற கவலையில் பாதி அதில் போய்விடும்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பள்ளிக்கூட நோட்டு. பெரிய இடங்களில் இப்போது கைப்பேசிச் செயலி வைத்திருக்கிறார்கள், இங்கே பேனாதான். என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை முறை வெளியே போனான், எப்படிப் போனான். இதெல்லாம் எல்லா இடத்திலும் எழுதுவதுதான். இங்கே கூடுதலாக ஒரு வரி எழுதுகிறார்கள். "இன்று பூனை மதில் மேல் உட்கார்ந்திருந்தது, மியாவ் என்று மூன்று தடவை கூப்பிட்டான், அது திரும்பாததால் அழுதான்" என்று ஒரு நாள் இருந்தது. இதை எழுத வேண்டுமென்றால் அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அவன் பார்த்ததைப் பார்த்திருக்க வேண்டும். பத்துப் பிள்ளைகளோடு தனியாக இருக்கிறவரால் அதை எழுத முடியாது. எனக்கு அந்த ஒரு வரி போதும், சிசிடிவி வேண்டாம்.

சிசிடிவி இருக்கிறது, ஆனால் பெற்றோர் கைப்பேசியில் நேரடியாகப் பார்க்க முடியாது, கேட்டால் உட்கார வைத்துக் காட்டுவார்கள். இதை ஒரு குறையாகச் சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முப்பது பெற்றோருடைய போனில் மற்றவர் பிள்ளை உடை மாற்றுவதும் குளிப்பதும் ஓடிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுத்து முகநூலில் விளம்பரத்துக்குப் போடுவதும் இங்கே கிடையாது, அதற்கே தனி மதிப்பெண் கொடுப்பேன்.

யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அடுத்தது. எந்தத் தாஸ்காவுக்குப் போனாலும் ஒவ்வொரு பராமரிப்பாளரிடமும் தனியாக "நீங்க இங்க எவ்வளவு காலமா இருக்கீங்க" என்று கேளுங்கள், பொறுப்பாளரிடம் கேட்காதீர்கள். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் பிள்ளை ஒவ்வொரு மூன்று மாதமும் புது முகத்தை நம்பத் தொடங்க வேண்டியிருக்கிறது, சொந்தமாகப் பேசத் தெரியாத வயதில் அது பெரிய சுமை. எந்த அழுகை பசி, எந்த அழுகை தூக்கம் என்று தெரிந்த ஆள் போய்விட்டால் அந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது. இந்தத் துறையில் சம்பளம் குறைவு, வேலை கடுமை, அதனால்தான் ஆட்கள் நிற்பதில்லை. இங்கே என் மகனைக் கைக்குழந்தையாகப் பார்த்துக்கொண்ட மலாய்க்கார அக்காதான் இன்றைக்கும் காலையில் கேட் திறக்கிறார். அவன் பெரிய பிள்ளைகள் அறைக்கு மாறியபோது, முதலில் கொஞ்ச நாள் அவரும் அவனோடு அந்த அறைக்குப் போய் இருந்தார். எவ்வளவு சம்பளம் கொடுக்கிறீர்கள் என்று நான் நடத்துகிற அக்காவிடம் கேட்டதில்லை, ஆனால் போன வருடம் கட்டணத்தை 40 ரிங்கிட் ஏற்றியபோது அந்தப் பணம் முழுக்கச் சம்பளத்துக்குப் போகிறது என்று கடிதத்தில் எழுதியிருந்தார். முணுமுணுக்காமல் கட்டினேன்.

காலையில் வாசலிலேயே ஒரு சோதனை நடக்கும். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள், உள்ளங்கையையும் பாதத்தையும் திருப்பிப் பார்ப்பார்கள், சின்ன விளக்கால் வாயைத் திறந்து பார்ப்பார்கள். கை கால் வாய் நோய் வந்தால் தாஸ்கா முழுக்கப் பரவிவிடும், அதற்குத்தான். உடம்பில் எங்காவது கன்றிப்போயிருந்தால் அதையும் எழுதிக்கொண்டு, நம்மைக் கேட்டு, கையெழுத்து வாங்குகிறார்கள். ஒரு திங்கட்கிழமை என் மகன் கையில் நீலமாக இருந்ததைக் காட்டி "இது எப்படிம்மா ஆச்சு" என்று அக்கா கேட்டபோது முதலில் எனக்குச் சுருக்கென்றது. மாமா வீட்டில் மேசையில் இடித்துக்கொண்டான், சொன்னேன், எழுதிக்கொண்டார். பிறகு அவரே விளக்கினார்: 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி, ஒரு பிள்ளை கொடுமைப்படுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தால் பராமரிப்பு மையத்தினர் தெரிவித்தே ஆக வேண்டும், அது யாராக இருந்தாலும் சரி. அன்றிலிருந்து எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை கூடியது. என் பிள்ளைக்காக என்னையே கேள்வி கேட்கிற இடம் அது. உங்களுக்கும் எங்காவது, உங்கள் பிள்ளையோ வேறு பிள்ளையோ, சந்தேகம் வந்தால் 15999 தாலியான் காசே உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், யோசித்துக்கொண்டிருக்காதீர்கள்.

இன்னொன்றையும் அவர்கள் செய்கிறார்கள், எல்லாத் தாஸ்காவும் செய்ய வேண்டும். ஒன்பதரைக்குள் பிள்ளை வரவில்லை, நாமும் தகவல் சொல்லவில்லை என்றால் அம்மா அப்பா இருவருக்கும் போன் வரும். செய்தி அனுப்பிவிட்டு விடமாட்டார்கள், யாராவது எடுத்துப் பதில் சொல்லும் வரை அழைப்பார்கள். பின் இருக்கையில் தூங்கிப்போன பிள்ளையை மறந்து நேராக வேலைக்குப் போய்விட்ட பெற்றோரின் செய்திகள் நம் நாட்டில் மறுபடி மறுபடி வந்திருக்கின்றன. வெயிலில் நிற்கிற காரில் நிமிடங்கள்தான் கணக்கு. நீங்கள் சேர்க்கப் போகும் இடத்தில் இந்தப் பழக்கம் இல்லையென்றால் செய்யச் சொல்லிக் கேளுங்கள், காசு செலவில்லாத காரியம்.

சாப்பாடு நம் வீட்டுச் சாப்பாடு மாதிரிதான். காலையில் ரொட்டி அல்லது இட்லி, மத்தியானம் சோறு, பருப்பு அல்லது ரசம், மீன் அல்லது கோழி, ஒரு கீரை. கைக்குழந்தைகளுக்கு நெத்திலி போட்ட கஞ்சி. பல இனப் பிள்ளைகள் இருப்பதால் மாடும் பன்றியும் சமையலறைக்குள் வருவதில்லை, இறைச்சி எல்லாம் ஹலால். வெள்ளிக்கிழமை சைவம் வேண்டும் என்று நாங்கள் சொன்னதை இதுவரை மறந்ததில்லை. கண் திருஷ்டிக்குக் கட்டிய கயிறு, அரைஞாண், காப்பு, இவற்றைப் பற்றியும் சேர்க்கும்போதே கேட்டுவிடுகிறார்கள். அரைஞாண் சரி, கழுத்தில் கட்டியதை மட்டும் கழற்றிவிட்டு அனுப்பச் சொன்னார்கள், தூக்கத்தில் இறுக்கும் என்று. மொழி என்று பார்த்தால் பாதி நேரம் மலாய், பாதி நேரம் தமிழ், இடையில் ஆங்கிலப் பாட்டு. இரண்டு பராமரிப்பாளர்கள் தமிழர்கள், சின்னப் பிள்ளைகளோடு தமிழில்தான் பேசுகிறார்கள். அவன் தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்புக்குப் போக வேண்டும் என்பது எங்கள் விருப்பம் என்பதால் எனக்கு இது முக்கியமாக இருந்தது.

குறைகள் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். கார் நிறுத்த இடமே இல்லை, காலை ஏழரைக்கு அந்த லோரோங்கில் (சந்தில்) இரண்டு கார் எதிரெதிரே வந்தால் நகர முடியாது, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கோபப்படுவதும் நியாயம்தான். மேல்மாடியில் பெரிய பிள்ளைகள் அறை மத்தியானத்துக்கு மேல் சூடாகிவிடுகிறது, அங்கே ஏர்கோன் இருந்தும் ஒரு பக்கம்தான் குளிர்கிறது. வெளியே ஓடி விளையாடப் போதிய இடம் இல்லை, முன்வாசல் சிமெண்டுத் தரைதான். வாரத்தில் ஒரு நாள் பக்கத்துத் திடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறார்கள், மழை வந்தால் அதுவும் இல்லை, இந்த ஊரில் மாலையில் மழை வராத வாரம் எது? ஓடி ஆடும் பிள்ளைக்கு இது போதாது, இதை அவர்கள் சரிசெய்தே ஆக வேண்டும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அப்புறம் விடுமுறை. நோன்புப் பெருநாளுக்கு ஒரு வாரம் மூடுகிறார்கள், பராமரிப்பாளர்கள் கம்பத்துக்கு (சொந்த ஊருக்கு) போகிறார்கள், போகத்தான் வேண்டும். தீபாவளிக்கும் சில நாள். சீனப் புத்தாண்டுக்கும். எல்லாவற்றையும் சேர்த்தால் என் ஆண்டு விடுப்பில் பெரிய துண்டு போய்விடுகிறது. மீதியைப் பிள்ளையின் காய்ச்சல் எடுத்துக்கொள்கிறது, ஏனென்றால் தனியார் துறையில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று எடுக்கத் தனி விடுப்பு எதுவும் வேலைச் சட்டத்தில் இல்லை. அந்த நாள்களில் பிள்ளையை உள்ளே விட மாட்டார்கள், கிளினிக் கடிதம் இல்லாமல் திரும்ப ஏற்றுக்கொள்ளவும் மாட்டார்கள். பிள்ளைக்குக் காலையில் மருந்து கொடுத்து, காய்ச்சலை அமுக்கி, கொண்டுவந்து விட்டுப்போகிற பெற்றோரிடம் அக்கா கண்டிப்பாகப் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவின் நிலைமையும் எனக்குப் புரிகிறது. ஆனால் உள்ளே ஐந்து மாதக் குழந்தைகள் இருக்கிறார்கள், கண்டிப்புதான் சரி.

நேரத்தைப் பற்றி ஒன்று. என் வீட்டுக்காரருக்கு வேலை ஷா ஆலாமில், ஃபெடரல் ஹைவே ஜாமில் மாட்டினால் ஆறரைக்குள் செந்தூல் வருவது நடக்காத காரியம். எனக்கு கே.எல். சென்ட்ரல், ரயில் தவறினால் அதே கதை. 2023லிருந்து வேலைச் சட்டத்தில் நெகிழ்வான வேலை நேரம் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறது, முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் விண்ணப்பித்தார், ஏழரையிலிருந்து நாலரை வரை என்று மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது அவர் கூட்டிவருகிறார், நான் விட்டுப்போகிறேன். இதை அம்மாக்கள் மட்டும்தான் கேட்க வேண்டும் என்று எங்கும் இல்லை, அப்பாக்கள் கேளுங்கள். தாஸ்கா தேடத் தொடங்கும்போதே இந்த விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள், பிள்ளை அங்கே இருக்கும் நேரத்தை ஒரு மணி குறைத்தால் அது எந்தப் பாடத்திட்டத்தையும்விட அவனுக்கு நல்லது.

யாருக்கு இந்த இடம் ஒத்துவரும் என்று கேட்டால், கைக்குழந்தையும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையும் வைத்திருப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். மூன்று வயது தாண்டி, எழுத்து எண் எல்லாம் வேகமாகச் சொல்லித்தர வேண்டும், ஓடியாடப் பெரிய இடம் வேண்டும் என்பவர்களுக்கு வேறு இடம் பார்க்கலாம். சனிக்கிழமை வேலை இருப்பவர்களுக்கும் ஷிப்ட் வேலை செய்கிற தாதியர், காவல் துறையினருக்கும் இது உதவாது, அவர்களுக்கேற்ற நேரத்தில் திறந்திருக்கும் நல்ல இடங்கள் கோலாலம்பூரில் மிகக் குறைவாக இருப்பது பெரிய அநியாயம், ராத்திரி நோயாளிகளைப் பார்க்கிறவருடைய பிள்ளையை யார் பார்ப்பது?

கைக்குழந்தைகள் அறையில் ஆறு இடம்தான், அதற்கு மேல் அக்கா சேர்ப்பதில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் ஏழாவது குழந்தைக்கு இன்னோர் ஆள் கிடைத்த பிறகுதான் என்பார். அதனால் காத்திருப்போர் பட்டியல் நீளம், வயிற்றில் இருக்கும்போதே பெயர் கொடுக்கிறார்கள். செந்தூல், ஜாலான் ஈப்போ, செகாம்புட் பக்கம் இருந்து உண்மையாகத் தேடுகிறவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், அக்காவிடம் கேட்டுவிட்டு எண் தருகிறேன். பெரிய பிள்ளைகள் பிரிவில் ஜனவரியில் இரண்டு இடம் காலியாகும், பாலர் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுடையது.